பேரிங் போன சத்தம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் இடது காதைப் பற்றிப் புலம்பியிருந்தேன். அதற்கு வந்த வைத்தியக் குறிப்புகளை வைத்துத் தனியாக ஒரு புத்தகமே போடலாம். நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி ஊற்றச் சொல்கிறார் ஒருவர். காதில் எதையும் ஊற்றாதீர்கள், பேசாமல் இந்தப் பாட்டுப் போடுகிற தொழிலுக்கு முழுக்குப் போடுங்கள் என்கிறார் இன்னொருவர். இந்த இரண்டாமவர் கட்சிதான் என் மனைவி ஸ்டெல்லாவும், காது டாக்டரும்.

நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வருஷம்தான் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நிற்பது? கேசட் காலத்தில் ஆரம்பித்தவன். அப்போது என்னை 'டிஸ்கோக்காரர்' என்றார்கள். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் 'டிஜே சார்' என்கிறார்கள். பெயர்தான் மாறியிருக்கிறது... முதுகு வலி அதேதான். இதில் காதுக்குள் 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம் வேறு. கரண்ட் போனாலும் அது மட்டும் போவதில்லை.

எனவே, ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியில் ஒரு கல்யாண வரவேற்பு, அதோடு சரி என்று ஸ்டெல்லாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன். ஆனால் பொள்ளாச்சியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மணப்பெண் கவிதா, பீளமேட்டில் இன்ஜினியரிங் படித்தவள். அவள் கல்லூரி ஆண்டு விழாவில் நான் டெக்னோ இசை போட்டேனாம், அவள் ஆடினாளாம். அன்றைக்கே தன் கல்யாணத்துக்கு நான்தான் என்று முடிவு செய்துவிட்டாளாம். அப்பா நாச்சிமுத்து கொப்பரை வியாபாரி. மகளோடு என் வீட்டுக்கு வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, தனக்கு இதெல்லாம் ஒன்றும் புரியாது, அம்மணி ஆசைப்படுகிறது என்றார். மகளைத்தான் அம்மணி என்கிறார். அந்த ஊர் மரியாதை அப்படி. அவ்வளவு மரியாதையாகக் கேட்கிறவரிடம் எப்படி முடியாது என்பது?

ஒத்துக்கொண்டேன். ஆனால் உடம்பு ஒத்துக்கொள்ள வேண்டுமே! அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன்.

சென்ற வருஷம் ஒரு கம்ப்யூட்டரும், சிடி எழுதுகிற டிரைவும் வாங்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அதுவரை இரண்டு சிடி பிளேயரை வைத்துக்கொண்டு, ஒரு காதில் ஹெட்போன், ஒரு காதில் ஹால் என்று, ஓடுகிற பாட்டின் தாளத்தோடு வரப்போகிற பாட்டின் தாளத்தை நிமிஷத்துக்கு நிமிஷம் பொருத்திக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பாடே வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து பாட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, திரையில் அலை அலையாகத் தெரிவதை வெட்டி ஒட்டி, முழு நிகழ்ச்சியையும் ஒரே பாட்டாக ஒரு சிடியில் எழுதிவிடலாம். மண்டபத்தில் போய் 'ப்ளே' பட்டனை அமுக்கினால் போதும். பிறகு சும்மா, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரில் நாலு குமிழைத் திருகுவது போல நடிக்க வேண்டியதுதான்.

எழுதுவதும் லேசில்லை. எங்கள் பக்கத்து வீட்டில் இட்லிக்குக் கிரைண்டர் போட்டால் வோல்டேஜ் இறங்கும், கம்ப்யூட்டருக்கு மயக்கம் வரும், எழுதிக்கொண்டிருந்த சிடி குப்பை. அப்படிக் கெட்டுப்போன சிடிகளை ஸ்டெல்லா பால் டம்ளருக்கு மூடியாக வைத்திருக்கிறாள். கோயமுத்தூரில் கிரைண்டர் ஓடாத நேரம் பார்த்து சிடி எழுதுவதற்கு ஒரு பொறுமை வேண்டுமய்யா!

ஒருவழியாக எழுதி முடித்து, வேனில் ஸ்பீக்கர்களை ஏற்றிக்கொண்டு மத்தியானமே பொள்ளாச்சி போய்ச் சேர்ந்தேன். வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது பெண்ணின் அம்மா சரஸ்வதி பக்கத்தில் வந்து நின்றார். பட்டுப்புடவை, முகத்தில் மட்டும் கல்யாணக் களையே இல்லை.

"ஏனுங்க, எங்கண்ணன் கொடுமுடியில இருந்து வருவாருங்க. வந்தா வாசல்ல மேளம் கொட்டுவாங்க. அது எனக்குக் கேக்கோணுங்க. அப்ப இதை நிறுத்திப்போடுங்க."

கட்டாயம் நிறுத்திவிடுகிறேன் என்றேன். "வந்தாருன்னா" என்று சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அதென்ன 'வந்தாருன்னா'? நாச்சிமுத்துதான் பிறகு சொன்னார். சரஸ்வதியும் அண்ணன் ராமசாமியும் பேசி வருஷக்கணக்கு ஆகிறது. அவர்களுடைய அம்மா படுக்கையில் விழுந்தபோது அண்ணன் கொடுத்த தந்தி இங்கே வந்து சேர்வதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. சரஸ்வதி போனபோது அம்மா முகத்தைக் கூடப் பார்க்க முடியவில்லை. வேண்டுமென்றே தாமதமாகக் கொடுத்ததாகத் தங்கை சொன்னார். அன்றைக்கே கொடுத்ததாக அண்ணன் சொன்னார். அதோடு போக்குவரத்து நின்றது. இப்போது வெற்றிலை பாக்கோடு போய் நாச்சிமுத்து நேரில் அழைத்ததற்கு, ராமசாமி சொன்னது ஒரே வார்த்தை: பார்க்கலாமுங்க.

வேறு யாராவது வராவிட்டால் பரவாயில்லை. தாய்மாமன் இல்லாமல் முடியுமா? விடிந்தால் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவர் அவர்தான். அவர் சீர்த் தட்டுகளோடு வந்தாலும் தானாக உள்ளே நுழைய மாட்டார். வாசலில் நிற்பார். பெண் வீட்டார் எதிரே போய் ஆரத்தி எடுத்து மேளத்தோடு அழைத்து வர வேண்டும். அழைக்காவிட்டால்? வந்த வழியே திரும்பிப் போய்விடுவார். எங்கள் ஊர்ப் பக்கம் மாமன்கள் அப்படித்தான். இவர் ஏற்கெனவே மனசு நொந்த மாமன் வேறு.

அதனால் ஏற்பாடெல்லாம் பக்காவாகச் செய்தோம். பெண்ணின் சித்தப்பா மகன் ஒருவர், பேங்கில் வேலை, பொறுப்பானவர். மாமா வேன் தெரிந்ததும் ஹால் வாசலில் இருந்து அவர் துண்டை வீசிக் காட்டுவார். நான் சத்தத்தை இறக்கிவிடுவேன்.

சாயங்காலம் வரவேற்பு ஆரம்பித்தது. 'ப்ளே' அமுக்கினேன். முதலில் வெள்ளை வேட்டிகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு பந்திக்கு எழுந்து போயின. பீளமேட்டுப் பிள்ளைகள் மேடைக்கு முன்னால் ஆடத் தொடங்கினார்கள். முன்வரிசையில் சரஸ்வதி மட்டும் வாசலைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். நானும் கொஞ்ச நேரம் குமிழ்களைத் திருகி நடித்தேன். காதுக்குள் 'ஙொய்ங்' கூடிக்கொண்டே போனது. சிடி பாட்டுக்கு ஓடுகிறது, நான் எதற்கு இங்கே? துண்டு வீசினால் ஹால் வாசலிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று மெதுவாக வெளியே நழுவினேன்.

ஹால் வாசலில் பேங்க்காரரைக் காணோம். எங்கே போனார்? உள்ளே கோட்டைக் கழற்றிப்போட்டு ஆடிக்கொண்டிருந்தார். துண்டு தலைக்கு மேலே சுழன்றுகொண்டிருந்தது. என் பாட்டுக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான் என்று நினைக்கிறேன்!

வெளியே வந்தால் வாழை மரம் கட்டிய வாசலில் ஒரு வேன். சீர்த் தட்டுகளைக் கையில் ஏந்தியபடி பெண்கள். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார். தவில்காரர் அடித்த அடியில் சட்டை நனைந்திருந்தது. அவர்கள் எவ்வளவு நேரமாக வாசிக்கிறார்களோ, தெரியாது. உள்ளே ஒருத்தருக்கும் கேட்கவில்லை. எனக்கே ஹால் படியைத் தாண்டிய பிறகுதான் கேட்டது.

தட்டுகளுக்கு முன்னால் உயரமாக ஒருவர், தோளில் பட்டுத் துண்டு. என்னை மண்டபத்து ஆள் என்று நினைத்துவிட்டார்.

"ஏனுங்க, இது நாச்சிமுத்து ஊட்டுக் கல்யாணம் தானுங்களே? உள்ள ஆருமே இல்லீங்களா? பேரிங் போன மோட்டாராட்டம் ஒரு சத்தம் மட்டும் வருது."

அந்தப் பேரிங் போன மோட்டார் நான்தான் என்று எப்படிச் சொல்வது? அவர் கோபமாகக் கேட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். வேண்டாத விருந்தாளியாக நின்று, அதையும் மரியாதையாகக் கேட்டார் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை. பின்னால் டிரைவர் வேனைத் திருப்பிக்கொண்டிருந்தார். தட்டை ஏந்தியிருந்த ஒரு பெண்மணி, போலாமுங்க, கூப்பிட மனசில்லாத இடத்தில் நமக்கென்ன என்று அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க, போயிராதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஓடி எத்தனை காலமாயிற்று! ஆடுகிற கூட்டத்துக்குள் புகுந்து, இடி வாங்கி, மிக்சரை எட்ட முடியாமல், மேடை ஓரம் போர்டில் இருந்த பிளக்கையே பிடுங்கிவிட்டேன்.

'டப்'பென்று ஒரு சத்தம். பிறகு பிள்ளைகள் போட்ட 'ஓ...' அதுவும் அடங்கியது.

வாசலில் இருந்து நாதஸ்வரம் கேட்டது.

சரஸ்வதி எழுந்தார். யாரோ ஆரத்தித் தட்டு, ஆரத்தித் தட்டு என்று பதறினார்கள். அவர் எதற்கும் நிற்கவில்லை. வெறுங்கையோடு, செருப்பும் இல்லாமல், மண்டபத்தின் நடுவே நடந்து போனார். அப்புறம் ஓட்டம். ஆரத்தி கரைத்து எடுத்துக்கொண்டு மற்ற பெண்கள் போய்ச் சேர்வதற்குள் அவர் அண்ணன் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்துவிட்டார்.

இருவரும் வந்து நின்ற இடம் என் ஸ்பீக்கருக்குப் பக்கம். மேளமும் நின்றுவிட்டது. எல்லார் கண்ணும் அங்கேதான். பந்தியில் இருந்தவர்கள் கூடக் கை கழுவாமல் எட்டிப் பார்த்தார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் இப்படி ஓர் அமைதியை என் சர்வீஸில் கண்டதில்லை. குழந்தை கூட அழவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்கள் ஒரு வார்த்தை தப்பாமல் கேட்டுவிட வேண்டும் என்று நின்றார்கள்.

ராமசாமி வாயைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். மூடிக்கொண்டார். சரஸ்வதி தலையைக் குனிந்துகொண்டார். அத்தனை வருஷத்துப் பேச்சை அத்தனை பேருக்கு முன்னால் எப்படி ஆரம்பிப்பது? இன்னும் கொஞ்ச நேரம் போனால், வந்தது சந்தோஷம், சாப்பிடுங்க என்று இரண்டு உபசார வார்த்தையோடு முடிந்துவிடும் என்று எனக்கே தோன்றியது.

அப்போதுதான் ராமசாமி என் பக்கம் திரும்பினார். கையில் பிளக்கோடு நிற்பவன் யார் என்று இப்போது புரிந்துவிட்டது.

"ஏனுங்க... அந்தச் சத்தத்தைப் போடுங்க."

எந்தச் சத்தம் என்று விழித்தேன்.

"அதேதானுங்க, பேரிங் போனது. நல்லா சத்தமாவே வைங்க. நாங்க கொஞ்சம் பேசோணும்."

வைத்தேன். டாக்டர் மன்னிக்க வேண்டும், மிக்சரில் இருந்ததையெல்லாம் ஏற்றி வைத்தேன். கூட்டம் பழையபடி ஆட ஆரம்பித்தது. பிளக்கைப் பிடுங்கியதால் சிடி மறுபடி முதலில் இருந்து ஓடியது. முன்பு கேட்ட அதே பாட்டுகள், அதே வரிசை... ஒருத்தருக்கும் தெரியவில்லை. இத்தனை நாள் ராத்தூக்கம் கெட்டு எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் யாருக்காக என்று தெரியவில்லை.

ஸ்பீக்கருக்குப் பின்னால் அண்ணனும் தங்கையும் பேசினார்கள். கத்தித்தான் பேசியிருக்க வேண்டும். சரஸ்வதி ஒருமுறை அவர் தோளில் ஓங்கி அடித்தார். அவர் வாங்கிக்கொண்டார். பிறகு பட்டுத் துண்டை எடுத்து முதலில் தங்கை முகத்தையும் அப்புறம் தன் முகத்தையும் துடைத்தார். தந்தி பற்றித்தான் பேசினார்களா, யார் சொன்னது நிஜம்... எனக்குத் தெரியாது. அவர்கள் இருந்தது என் இடது காதுப் பக்கம். நல்ல காதாக இருந்திருந்தாலும் கேட்டிருக்காது. என் தொழிலில் எனக்குக் கொஞ்சம் பெருமை வந்தது அந்த நேரத்தில்தான்.

சிடி முடிந்ததும் கவிதா மேடையில் இருந்தே எனக்குக் கையை ஆட்டினாள். அவளுக்குப் பக்கத்தில் மாமாவும் அம்மாவும் போட்டோவுக்கு நின்றிருந்தார்கள். விடிகாலையில் பட்டம் கட்டியது அவர்தான் என்று நாச்சிமுத்து போன் செய்து சொன்னார்.

அன்று ராத்திரி நான் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ராமசாமி என்னிடம் வந்தார். சாப்பிட்டாச்சா என்று விசாரித்தார். அடுத்த மாதம் கொடுமுடியில் பேத்திக்குக் காதுகுத்து, அவசியம் வர வேண்டும், இந்தப் பெட்டிகளையெல்லாம் மறக்காமல் கொண்டுவர வேண்டும் என்றார். டிஸ்கோ அவ்வளவு பிடித்துவிட்டதா என்று கேட்டேன்.

"அட, அதை ஆரு கேட்டாங்க? என்ற தங்கச்சியும் வருதுங்க. இன்னும் பேசி முடியலீங்க."

தேதியைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஸ்டெல்லாவிடம் இன்னும் சொல்லவில்லை... வாரா வாரம் இந்தப் பக்கத்தை முதலில் படிப்பவள் அவள்தான்.