அன்னாசிக்குப் பங்கில்லை

யுத்தக் காலத்தில் நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டே, பிள்ளையோடு கருப்பையில் வளரும் நச்சுக்கொடியை ஆராய்ந்துகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவுக்கு எழுதும்போது 'ஆராய்ச்சி' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். மிச்சத்தை எழுதினால் அவருக்குச் சோறு இறங்காது.

என் கேள்வி சின்னது. நச்சுக்கொடியின் கலங்கள், அதாவது செல்கள், தாயின் கருப்பைச் சுவரைத் துளைத்து உள்ளே போகின்றன. வழி வெட்டச் சில புரதங்கள் உண்டு, அந்த வெட்டுகிறவற்றைப் பிடித்து நிறுத்த வேறு சில. நிறுத்துகிறவை ஓங்கினால் கலங்கள் ஆழம் போகாது. பிள்ளைக்கு இரத்தம் போதாமல் போகும், தாய்க்குப் பிரஷர் ஏறும். வெட்டுகிறவை ஓங்கினால் பிரசவத்தின்போது நச்சுக்கொடி கழன்று வராது.

அக்குறணையில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் ஒருவரின் மனைவி பிரஷரோடு எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் பிள்ளை பெற்றாள். பிள்ளை சிறியது, ஆனால் உயிரோடு இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் இதே பிரஷர் வருத்தத்தில் முதல் பிள்ளை ஏழாம் மாதமே வயிற்றில் இறந்துவிட்டது. நச்சுக்கொடியை ஆய்வுக்குத் தருவீர்களா என்று கேட்டேன்.

"அதுவும் மனுசன்ட ஒடம்பு, மிஸ். முழுசா அடக்கணும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் அன்னாசி திண்டுதான் மூத்த புள்ள மவுத்தானதெண்டு மாமி சொல்றாங்க. பாத்துட்டு, மாமிக்கு முன்னுக்கு வந்து சொல்லுவீங்களா?"

"ஓம். வாற வெள்ளிக்கிழமை நானே கொண்டு வாறன்" என்றேன்.

கருப்பைச் சுவருக்குப் பதிலாக, எலிவாலில் இருந்து எடுத்த புரதக் கூழைத் தட்டில் பரப்பி, அவளுடைய கலங்களை மேலே விட்டேன். மற்றத் தாய்மாரின் கலங்கள் கூழுக்குள் இறங்கின. அவளுடையவை மேலேயே தயங்கி நின்றன. நிறுத்துகிற புரதத்தைக் குறைத்ததும் அவையும் இறங்கத் தொடங்கின. அன்று நான் ஆய்வுகூடத்தில் தனியாக நின்று கைதட்டினேன்.

வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் நகரத்தில் குண்டு வெடித்தது. "பிறந்த இடம் யாழ்ப்பாணமெண்டு அடையாள அட்டையில கிடக்கு. நச்சுக்கொடியையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில போகப்போறீரோ? ஆஸ்பத்திரியிலயே எரிச்சுவிடலாம், ஆருக்குத் தெரியும்?" என்றார் கூட வேலை செய்த நண்பர். எனக்குக் கோபம் வந்தது. எனக்குத் தெரியுமே என்றேன்.

சோதனைச் சாவடியில் என்னை மட்டும் இறக்கினார்கள். பைக்குள் கண்ணாடிச் சாடியில் அவளுடைய நச்சுக்கொடி, ஆய்வுக்கு எடுத்த துண்டுகளும் சேர்த்து. என்னவென்று கேட்ட சிப்பாய்க்குச் சிங்களத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். பல்கலைக்கழகம் எனக்குத் தந்த கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, ஒரு மணித்தியாலம் வெயிலில் நிற்க வைத்து, போகச் சொன்னார்கள்.

அக்குறணை வீட்டில் மாமி சாடியை வாங்கி வெள்ளைத் துணியால் மூடி, அடக்கச் சொல்லி மகனிடம் கொடுத்தார். கதிரையில் உட்கார்ந்ததும் தொடங்கிவிட்டேன். "இந்தக் கலங்கள் பிள்ளையின்ர. பாதி உங்கட மகனிட்ட இருந்து வந்தது, பாதி இவவிட்ட இருந்து. அதுகள் ஆழமாப் போகேல்ல, அதாலதான் பிரஷர். மூத்ததுக்கும் இதே வருத்தம்தான். அன்னாசிக்கு இதில ஒரு பங்கும் இல்லை."

மாமி மருமகளைப் பார்த்துவிட்டு, எழுந்து தேத்தண்ணி போடப் போனார். சொன்ன வேலை முடிந்தது என்று நானும் பையை எடுத்தேன்.

பக்கத்தில் பிள்ளையை மடியில் வைத்திருந்த அவள் என் கையைப் பிடித்தாள்.

"மாமி போயிட்டாங்க. இப்ப எனக்குச் சொல்லுங்க, மிஸ். நான் கொல்லல்லதானே?"