என் தங்கை சொல்லாத புத்தாண்டு ஆலோசனை

என் தங்கை ஒரு வீட்டைக் காட்டுவதென்றால் குளியலறையில்தான் தொடங்குவாள். மற்ற வீட்டுத் தரகர்கள் வந்தவர்களை வெளிச்சமான முன்னறையில் நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு, காற்றைப் பாருங்கள் என்று கையை விரிப்பார்கள். இவள் நேராகப் பின்பக்கம் கூட்டிப்போய், தண்ணீர் போகும் ஓட்டையின் மூடியைத் தூக்கிக் காட்டி, "முதல்ல இதைப் பாருங்க. இதைப் பார்த்த பிறகும் நின்னீங்கன்னா மீதியைக் காட்டுறேன்" என்பாள். பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். நின்றவர்கள் பெரும்பாலும் வாங்கிவிடுவார்கள். அந்த அலுவலகம் அவளைத் தாங்கிக்கொண்டதற்கு அது ஒன்றுதான் காரணம்.

அங்கே அவளுக்கு 'மூக்கு' என்று பெயர் வைத்திருந்தார்கள். வாசற்கதவைத் திறந்த கையோடு, "பின்னறையில ஓதம் இருக்கு", "சிங்க்குக்குக் கீழே எலி செத்துக் கிடக்கு" என்று சொல்லிவிடுவாள். உள்ளே போய்ப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும். எனக்கு இது நன்றாகத் தெரியும். ஆள் வருவதற்கு முன்னால் அந்த வீடுகளைக் கழுவித் தருகிறவள் நான்தான்.

மனிதர்கள் காலி செய்து போன வீடுகளைக் கழுவினால், மனிதர்கள் மேலேயே ஒரு வெறுப்பு வந்துவிடும். கழிப்பறைக் கோப்பைக்குப் பின்னால் மஞ்சளாகக் காய்ந்து கிடக்கும் கறை. வடிகாலிலிருந்து கயிறு மாதிரி இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும் முடி. அடுப்புக்கு மேலே சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் ஒட்டிக்கொண்ட கரப்பான் கால்கள். குழந்தையின் கட்டில் நின்ற இடத்தில் கருப்பாகப் பூத்த பூசணம். இத்தனைக்கும் வாசலில் மட்டும் புதுக் கால்மிதி போட்டிருப்பார்கள்.

"பல்லு தேய்க்காம முகத்துக்குப் பவுடர் போட்டுக்கிட்டு வர்ற மாதிரிக்கா" என்பாள் தங்கை.

பள்ளி முடித்ததும் அவள் அந்த அலுவலகத்துக்குப் போனது போன் எடுக்கிற வேலைக்கு. ஒருநாள் தரகர்கள் யாரும் இல்லாத நேரத்தில் ஒருவர் வீடு பார்க்க வந்து நிற்க, வேறு வழியில்லாமல் சாவியை இவள் கையில் கொடுத்து அனுப்பினார்கள். இவள் போன இடத்தில், "மாடிக் குழாய் ஒழுகுதுங்க. ஆனா காலை வெயில் நல்லா வரும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அலுவலகமே தலையில் கை வைத்தது. அந்த மனிதர் மறுநாள் அந்த வீட்டையே வாங்கினார். இனி தன் உறவுக்காரர்கள் யார் வந்தாலும் இந்தப் பெண்ணையே அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். அப்படித்தான் அவள் தரகரானாள். அவள் பெயர் அச்சடித்த முதல் அட்டையை எங்கள் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தேன். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாருடைய பெயரும் அச்சில் வந்ததில்லை.

போன வருடக் கடைசியில் முதலாளி அவளைக் கூப்பிட்டார். அவருக்குப் பேச்சு சர்க்கரைப் பாகு மாதிரி. கேட்டு முடித்ததும் கையைக் கழுவத் தோன்றும். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அவர் ஒரு தாள் அச்சடித்து வீடு வீடாகப் போடுவார். வரும் வருடம் வீட்டு விலை எப்படி இருக்கும், வீட்டுக்காரர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். "இந்தத் தடவை நீ எழுது மூக்கு. உன் படத்தையும் போடுவோம். உன்னைத்தான் ஊர் நம்புது" என்றார்.

என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அடித்து அடித்து எழுதினாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன்.

"இந்த வருடம் விலை பெரிதாக ஏறும் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் அதிகம். விற்றே ஆக வேண்டும் என்ற நிலை இல்லாதவர்கள் பொறுத்திருங்கள். வாங்க நினைப்பவர்கள் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். வெயில் நாளில் எல்லா வீடும் நல்ல வீடுதான். சுவரில் கறை கண்டால் பெயின்ட் வாங்கப் போகாதீர்கள். தண்ணீர் எங்கே கசிகிறது என்று தேடி அடையுங்கள், சுவரைக் காயவிடுங்கள், பெயின்ட் அதற்குப் பிறகு. பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கை நுழையும் அளவுக்கு இடம் விடுங்கள். மாடியில் தண்ணீர் இறங்கும் வாயில் இலை அடைத்திருந்தால் இன்றைக்கே எடுங்கள்."

"கடைசியா ஒரு நல்ல வார்த்தை போடேன்டி" என்றேன்.

யோசித்துவிட்டு, "குளியலறையைக் கழுவுங்கள்" என்று எழுதினாள்.

புத்தாண்டன்று காலையில் என் வாசலிலும் அந்தத் தாள் கிடந்தது. வழவழப்பான காகிதம். நடுவில் தங்கையின் முகம், பல் தெரியச் சிரித்தபடி. ஆசையாக எடுத்துப் படித்தேன். 'இந்த ஆண்டு விலை விண்ணைத் தொடும்! விற்கவும் வாங்கவும் இதுவே பொன்னான நேரம்! சுவரில் கறையா? கவலை வேண்டாம்! ஒரு கோட் பெயின்ட் போதும், உங்கள் வீடு புது வீடு!' கீழே அவள் பெயர், 'உங்கள் நம்பிக்கைக்குரிய ஆலோசகர்' என்ற பட்டத்தோடு. அவள் எழுதியதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

தாளை எடுத்துக்கொண்டு தங்கையிடம் ஓடினேன்.

தங்கை நேராக முதலாளியிடம் போனாள். நானும் பக்கெட்டும் துடைப்பமுமாகப் பின்னால் நின்றேன்.

"நீ எழுதினதை அப்படியே போட்டா நான் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார் அவர். "பொறுத்திருங்க, விற்காதீங்கன்னு ஒரு புரோக்கர் எழுதுவாளா? டாக்டர் வந்து யாருக்கும் நோயே இல்லைன்னு சொல்ற மாதிரி."

"அப்ப என் படத்தையாவது எடுத்திருக்கலாமே சார்."

"உன் படம் இல்லாம எவன் படிப்பான்?"

வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். "என் முகத்தைப் பார்க்கவே குமட்டுதுக்கா" என்றாள். "யாராவது இதை நம்பி ஒரு ஈரச் சுவருக்குள்ள போய்ப் படுத்தா, அவங்களைப் படுக்க வெச்சது நான்தானே."

அந்தப் பயம் உடனே எதிரில் வந்து நின்றது. தெருமுனையில் ஒரு வீடு நெடுநாளாக விற்காமல் கிடந்தது. அது முதலாளியுடைய மனைவியின் தம்பி வீடு. முதலாளிக்கு மச்சான்; அந்த உறவு அலுவலகத்துக்கே தொற்றி, எல்லாரும் முதுகுக்குப் பின்னால் அவரை மச்சான் என்றுதான் சொல்வார்கள். அந்த வாரமே அந்த வீட்டைப் பார்க்க ஒரு கணவனும் மனைவியும் வருவதாகச் சொல்லி அவளை அனுப்பினார்கள். கழுவ நானும் போனேன்.

கதவைத் திறந்ததும் காப்பி மணம். சமையலறையில் மச்சான் வாணலியில் காப்பித் தூளை வறுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், காப்பியா? எனக்கும் ஒரு வாய் கொடுங்களேன்" என்றேன்.

"இது குடிக்கிறதுக்கு இல்லம்மா, விக்கிறதுக்கு" என்று கரண்டியை ஆட்டினார். "வர்றவங்க மூக்கு இதுலயே நிறைஞ்சிடும்."

தங்கை நேராகப் பின்னறைக்குப் போனாள். அங்கே ஒரு சுவர் முழுக்கப் புது மரப்பலகை அடித்திருந்தார்கள். காப்பி வாசனை அந்த அறை வரை வந்து, அங்கிருந்த நாற்றத்தோடு கலந்து, இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றாகியிருந்தது. ஈரச் சாக்கில் கட்டி வைத்த பழைய செருப்பை யாரோ காப்பியில் முக்கியது போல. நான் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன். ஜன்னலையும் ஆணியடித்து மூடியிருந்தார்கள்.

வந்தவர்கள் நன்றாக உடுத்தியிருந்தார்கள். அந்த அம்மாள் கையில் நான்காக மடித்த அந்தத் தாள். அதையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்கதானா இது? படத்துல கொஞ்சம் சதை போட்ட மாதிரி இருக்கீங்க. உங்க முகத்தை நம்பித்தான் வந்தோம்" என்றாள்.

தங்கை "வாங்க" என்று பின்னறைக்குக் கூட்டிப்போனாள். "அக்கா, உன் பையில திருப்புளி இருக்குமே, எடு."

கொடுத்தேன். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மச்சான் வாணலியோடு ஓடி வருவதற்குள் பலகை என் கையில் சாய்ந்தது. உள்ளே சுவர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. காரை ஊறி, புளித்த மாவு மாதிரிப் பொங்கியிருந்தது. அதன் மேல் கருப்பும் பச்சையுமாக, மயிர் முளைத்தாற்போல் பூசணம். நடுவே ஒரு கோடாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயையோ! நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!" என்று மச்சான் சுவரைப் பார்த்துக் கோபித்துக்கொண்டார்.

அந்த அம்மாள் கைப்பையால் மூக்கை மூடினாள். கணவர் மட்டும் கிட்டே போய்ப் பார்த்தார். திரும்பியபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"அப்ப விலையைக் குறைக்கணுமே" என்றார்.

"சார், இந்த ரூம்ல யாரும் படுக்க முடியாது" என்றாள் தங்கை.

"நாங்க எதுக்கும்மா படுக்கறோம்? வாடகைக்கு விடத்தான் வாங்கறோம். குழந்தை குட்டியோட ஒரு குடும்பம் வந்தா போதும். அவங்கதான் சட்டுனு காலி பண்ண மாட்டாங்க." மனைவி கையிலிருந்த தாளைச் சுட்டிக் காட்டினார். "நீங்கதானே எழுதியிருக்கீங்க, ஒரு கோட் பெயின்ட் போதும்னு?"

சுவரில் பார்த்ததைவிட அந்தப் பேச்சு எனக்கு அருவருப்பாக இருந்தது. பூசணத்தைச் சோப்புப் போட்டுக் கழுவலாம்.

மச்சானுக்கு உயிர் வந்துவிட்டது. உடனே முதலாளிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"மூக்கு! பிரமாதம்மா!" என்றது முதலாளியின் குரல். "உண்மையைச் சொல்லியே வித்துட்டியே! அடுத்த வருஷத் தாள்ல இதையே போடுவோம், குறையை மறைக்காத நிறுவனம்னு. வாடகைக்கு ஆளையும் நீயே பிடிச்சுக் கொடுத்துடு."

"பிடிச்சுத் தர்றேன் சார்" என்றாள் தங்கை. "ஆனா வர்றவங்களை முதல்ல இந்த ரூமுக்குத்தான் கூட்டிட்டு வருவேன். நீங்க என்ன பூசியிருந்தாலும் சுரண்டிக் காட்டிட்டுத்தான் மத்ததைக் காட்டுவேன்."

கணவர்தான் கேட்டார். "அப்புறம் எவம்மா குடி வருவான்?"

"யாரும் வரக் கூடாதுன்னுதான் சார்."

"உன்னை யாரு ஆள் பிடிக்கச் சொன்னா? நாங்க வேற ஆளை வெச்சுக்கறோம்" என்றார் கணவர்.

"வெச்சுக்கோங்க. இந்தத் தெருவுக்கு நான் தினமும் வருவேன். எங்க அக்கா எதிர் வீட்டுலதான் வேலை செய்யுது."

நான் எதிர் வீட்டில் வேலை செய்யவில்லை. ஆனாலும் பலமாகத் தலையாட்டினேன். அந்த அம்மாள் கணவரின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாங்க. ஒரே நாத்தம். இவ வேற பிசாசு மாதிரி நிக்கிறா." இருவரும் போய்விட்டார்கள்.

"சாவியை மச்சான் கையில கொடுத்துட்டுப் போ. இனிமே அலுவலகப் பக்கம் வராதே" என்றது போன். பாகு வற்றியிருந்தது.

"என் முகத்தோட இருக்கற தாளெல்லாம் எங்கே போயிருக்கு சார்?"

"ஊர் முழுக்கப் போயாச்சு. போய்ப் பொறுக்கிக்கோ."

அவர் கேலியாகத்தான் சொன்னார். இவள் பொறுக்கவே கிளம்பிவிட்டாள்.

"விடுடி, எல்லாரும் குப்பையில போட்டிருப்பாங்க" என்றேன்.

"போடாதவங்க இருப்பாங்கக்கா. அவங்களைத்தான் பார்க்கணும்."

வீடு வீடாகக் கதவைத் தட்டி, "இந்தத் தாள்ல இருக்கறது நான் சொன்னது இல்லைங்க" என்று சொன்னாள். ஒருவர், வேறு ஏதோ விற்க வந்திருப்பதாக நினைத்து முகத்தில் கதவைச் சாத்தினார். ஒரு அம்மாள், "அந்தத் தாளா? பூனை வாந்தி எடுத்துச்சு, அள்ளறதுக்கு நல்லா உதவுச்சும்மா" என்றாள். "ரொம்ப நல்ல காரியம் பண்ணினீங்க" என்று தங்கை மனதாரச் சொன்னாள். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

பஸ் ஓட்டும் ஒருவர் வீட்டில் சிரிப்பு நின்றது. கதவைத் திறந்தவரின் தலைமுடியில் வெள்ளைப் பெயின்ட் தெறித்திருந்தது. தங்கையைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"அட, நீங்களா! வாங்க வாங்க. நீங்க சொன்ன மாதிரியே அடிச்சு முடிச்சுட்டேன். வந்து பாருங்க!"

படுக்கையறையில், கட்டிலின் தலைமாட்டுச் சுவர் பளீரென்று இருந்தது. கட்டிலில் அவர் மனைவி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். தங்கை சுவரில் விரலை வைத்து அழுத்தினாள். பெயின்ட் கொப்புளம் மாதிரி அமுங்கியது. விரலை எடுத்ததும் அந்த இடத்திலிருந்து பழுப்பாக நீர் வழிந்தது.

"இதை நான் சொல்லல சார்" என்றாள். குரல் உடைந்திருந்தது. "ஆனா என் முகத்தைப் போட்டுத்தான் உங்க வீட்டுக்கு வந்திருக்கு. வீட்டுல சுரண்டி ஒண்ணு இருக்கா?"

"சுரண்டியா? எதுக்கு? இன்னைக்குத்தானேம்மா அடிச்சேன், புதுப் பெயின்ட்டு!"

"தெரியுது சார். அக்கா, அந்த அம்மாவை எழுப்பி முன்னறையில உட்கார வை."

நான் அந்த அம்மாளின் தோளைப் பிடித்து எழுப்பினேன். அவள் இருமலுக்கு நடுவே, "நான் அப்பவே சொன்னேன், இந்த மனுஷன் கேட்டாத்தானே" என்றாள். தங்கை சட்டைக் கையை மடித்துவிட்டு, கட்டிலை நகர்த்திக்கொண்டு, நகத்தாலேயே ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். பெயின்ட் ஈரத் தோல் மாதிரி நீளமாக உரிந்து வந்தது. நாற்றம் அறையை நிறைத்தது. பஸ்காரர் தன் புதுச் சுவரையும் அவளையும் பார்த்தபடி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"நின்னு பார்க்காதீங்க சார்" என்றாள். "ரெண்டு சுரண்டியா எடுத்துட்டு வாங்க."