நான்காவது மிஷின்

பாகூர் ஏரிக்குக் கீழே எங்கள் நிலம். கூலியாட்களெல்லாம் கம்பெனி வேலைக்குப் போய்விட்ட பிறகு, நெல் முற்றினால் அறுவடை மிஷினுக்குக் காத்துக் கிடப்பதுதான் எங்கள் பாடு. எங்கள் பக்கம் மூன்று பேரிடம் மிஷின் இருந்தது: உரக்கடைக்காரர், ரைஸ்மில்காரர், சிமெண்ட் வியாபாரி. ஒவ்வொருவரும் தனித்தனியாக ஃபிளெக்ஸ் வைப்பார்கள். ஒருவர் மிஷினில் நெல் சிந்தாதாம். இன்னொருவர் மிஷினில் வைக்கோல் நொறுங்காதாம். சிமெண்ட் வியாபாரி எவர்சில்வர் டப்பா கொடுப்பார். வாடகை மட்டும் மூவரிடமும் ஒன்றுதான். ஒருவர் ஏற்றினால் பொழுது சாய்வதற்குள் மற்ற இருவரும் ஏற்றிவிடுவார்கள். கேட்டால், "டீசல் ஏறிப்போச்சிம்மா" என்பார்கள். டீசல் ஏறாத வருஷத்திலும் அதே பதில். கேட்கவே கூசும்.

என் நாத்தனார் திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தாள். அதை மூடியபோது கையில் கொடுத்த பணத்தில், சேலம் பக்கம் போய்ப் பழைய மிஷின் ஒன்றை வாங்கி வந்தாள்.

"இவனுங்க கொட்டத்த அடக்கறன் பாருங்க அண்ணி" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர்களைவிட வாடகையைக் குறைத்தாள். மிஷின் ஓய்வில்லாமல் ஓடியது.

ஒருநாள் உரக்கடைக்காரர் கூப்பிட்டனுப்பினார். துணைக்கு நானும் போனேன். மற்ற இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு டீ வந்தது.

"உனக்கு இன்னாம்மா கஷ்டம்? எங்க ரேட்டுக்கே நீயும் ஓட்டு. உனக்குன்னு நாலு ஊர ஒதுக்கி வுட்டுடறோம்" என்றார் உரக்கடைக்காரர்.

"எனக்கு இந்த ரேட்டே கட்டுது. நான் ஏன் ஏத்தணும்?"

ரைஸ்மில்காரர் சிரித்தார். "எத்தினி நாளிக்குக் கட்டுதுன்னு பாப்போம்."

மறுநாளே மூவரும் வாடகையை அவளுடையதற்கும் கீழே இறக்கினார்கள். டீசலுக்குக்கூடக் காணாது. நாத்தனார் வீடு வீடாகப் போய், "நான் போய்ட்டா பழையபடி ஏத்திடுவானுங்க, கொஞ்சம் யோசிங்க" என்று மன்றாடினாள். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு அந்த மூவரிடமே போய் மிஷினுக்குச் சொல்லி வைத்தார்கள். அவளை வாயாரப் புகழ்ந்தவர்களின் வயலிலேயே ரைஸ்மில்காரரின் மிஷின் இறங்கியது. அடுத்து அவளுடைய டிரைவரையும் கூடுதல் சம்பளம் பேசி இழுத்துக்கொண்டார்கள். மிஷின் புளியமரத்தடியில் நின்றுவிட்டது.

அந்த வாரமே வானம் இருட்டியது. பயிர் சாய்ந்துவிடும் என்று எல்லாரும் பதறிய நேரத்தில் மூவரும் ஒரே குரலில் வாடகையை ஏற்றினார்கள், முன்பிருந்ததைவிடவும் மேலே. ஈர வயல், மிஷின் தேய்மானம் என்று ஏதேதோ சொன்னார்கள். ஊர் முனகியபடியே கொடுத்தது.

அடுத்த போகத்தில் புளியமரத்தடி மிஷின் மறுபடி ஓடியது. பழைய டிரைவரே ஓட்டினான். என் வயலுக்குக் கேட்டு நாத்தனாருக்குப் போன் செய்தேன். ஒரு வாடகை சொன்னாள். உரக்கடைக்காரர் அதற்கு முந்தின நாள் சொன்ன அதே வாடகை.

"இன்னாடி, நீயுமா?"

"எல்லாரும் பேசி வெச்ச ரேட்டு அண்ணி. நான் மட்டும் கொறைச்சா மறுபடியும் டிரைவர இழுத்துக்குவானுங்க. அன்னிக்கு ஊர்ல எவன் என் பக்கம் நின்னான்?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனாலும் அருவருப்பு அடங்கவில்லை. வெளியூர் மிஷின்காரன் ஒருவனுக்குப் போன் செய்து கேட்டுப் பார்த்தேன். "அந்த ஏரியாவுக்குள்ள வரமாட்டோம்மா, பேச்சு இருக்குது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். கடைசியில் அவளுடைய மிஷினே வந்து அறுத்தது. மதியம் அவளும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள். சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன்.

"கோவமா அண்ணி?" என்றாள்.

மோர் எடுத்து வருகிறேன் என்று அடுக்களைக்குள் போன நான், அவள் கை கழுவும் சத்தம் கேட்கும்வரை வெளியே வரவில்லை.