வடக்குச் சுவரில் ஒரு கதவு

எங்கள் கடலோர ஊரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணத்தன்று வாப்பா என் பெயருக்கு எழுதிய பத்திரம் என் பீரோவில் இருந்தது. மாப்பிள்ளைதான் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்து நாற்பது நாளில் துபாய்க்குப் போய்விட்டார். வாப்பா மவுத்தாகி அடக்கமான பிறகு அந்த வீட்டில் நானும் உம்மாவும் மட்டும்தான்.

என் அறையை ஒட்டிய குளியலறை பழங்காலத்துச் சாமான். பாசி பிடித்த சிமெண்டுத் தொட்டி, வெடித்த தரை, மூலையில் ஒரு கக்கூஸ். ஆனால் அதன் வடக்குச் சுவரில் ஒரு கதவு இருந்தது. திறந்தால் பெண்கள் மட்டும் நடமாடும் சந்து. நாலாவது வீடு என் தோழியுடையது. முன்வாசல் வழியாக நான் வெளியே போவதென்றால் உடம்பு முழுக்கத் துப்பட்டி போர்த்த வேண்டும், உம்மாவிடம் காரணம் சொல்ல வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும். இந்தக் கதவுக்கு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டால் போதும். மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் போனால் சாயங்காலம் அஸர் தொழுகை வரை இறால் உரித்துக்கொண்டு ஊர்க்கதை பேசலாம். யாரையும் கேட்காமல் நான் போய்வந்த ஒரே வழி அது.

துபாயிலிருந்த என் மாப்பிள்ளைக்குத் திடீரென்று குளியலறை மீது ஞானம் பிறந்தது. ஊர்க்காரர் ஒருவர் மூலம் ஒரு கடிதமும் படமும் வந்தன. கூடவே கப்பலில் ரோஸ் கலர் கமோடு ஒன்று. ‘இங்கே என் முதலாளி வீட்டில் இருப்பது மாதிரியே வேண்டும்’ என்று எழுதியிருந்தார். ஸ்கேல் வைத்து அங்குலம் பிசகாமல் வரைந்திருந்தார். எது மேற்கு என்று மட்டும் குறிக்க மறந்துவிட்டார்.

வேலைக்கு ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். உண்மையில் அவர் விவசாயி. அந்த வருடமும் ஆற்றில் தண்ணீர் இல்லை. கோட்டையில் எந்தக் கட்சி உட்கார்ந்தாலும் வாய்க்கால் என்னவோ காய்ந்துதான் கிடந்தது. அதனால் கரண்டியைப் பிடித்திருந்தார். பத்து நாளில் தொட்டியை இடித்து, டைல்ஸ் ஒட்டி, படத்தில் உள்ளபடியே கிழக்குச் சுவரை ஒட்டிக் கமோடை வைத்துவிட்டார்.

வேலை முடிந்த மாலை உள்ளே போய்ப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. மூடியைத் திறந்து பார்த்த பிறகுதான் சுரீரென்றது. இதில் உட்கார்ந்தால் முகம் நேராக மேற்கே, நாங்கள் தொழும் திசையான கிப்லாவைப் பார்க்கும். எங்கள் வீடுகளில் யாரும் செய்யாத காரியம். முதுகைக் காட்டி உட்காருவதும் கூடாது. ஆக, மேற்குச் சுவரும் உதவாது. தெற்கே அறைக்கதவு, அந்தப் பக்கம் குழாயும் எட்டாது. மிச்சம் இருந்தது வடக்குச் சுவர். அது மொத்தமே ஆறடி, நடுவில் என் கதவு. கமோடைச் சரியான திசைக்கு மாற்றினால் கதவை அடைத்தாக வேண்டும்.

அறைவாசலில் கொத்தனார் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“எல்லாம் சரியா இருக்காம்மா? மாத்தணும்னா இப்பவே சொல்லுங்க. தண்ணி கல்லணையத் தாண்டிடுச்சாம். காலையில நான் ஊருக்குப் போயிடுவேன்.”

“அவ்வளவு அவசரமாங்க?”

“ரெண்டு மா குத்தகை நிலம்மா. குத்தகைக்காரன்னு என் பேரை இன்னும் பதியல. நான் சாகுபடியே பண்றதில்லன்னு நிலக்காரங்க தாலுகா ஆபீஸ்ல மனு குடுத்துருக்காங்க. இந்தப் போகம் நாத்து விடலேன்னா அவங்க சொன்னதே நெசமாயிடும்.”

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் இருந்து மாற்றியிருப்பார். திரும்பி வடக்குச் சுவரில் என் கதவைப் பார்த்தேன்.

“எல்லாம் சரியா இருக்குங்க” என்றேன்.

உம்மா அந்தப் பக்கமே வரவில்லை. “அந்த நாற்காலியெல்லாம் எனக்கு ஆவாது” என்று கொல்லையோடு நிறுத்திக்கொண்டாள். மாட்டிக்கொண்டது நான். நாலு மாதம் அந்த ரோஸ் கமோடில் தெற்கு பார்த்துக் குறுக்காக உட்கார்ந்தேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டேன். மதியமானால் கதவைத் திறந்து தோழி வீட்டுக்கும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

மழைக்காலத்தில் அவர் லீவில் வந்தார். முதல் நாள் காலை குளியலறைக்குள் போனவர் போன வேகத்தில் வெளியே வந்தார்.

“கிப்லாவைப் பாத்து வச்சிருக்கான்! நீ கவனிக்கவே இல்லையா?”

“இல்ல மச்சான்.”

பொய். வரைந்தது நீங்கள்தானே என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. நானே குற்றவாளியாக நிற்கும்போது யாரை என்ன கேட்பது? அன்றைக்கே வேறு கொத்தனார் வந்தார். கதவைப் பெயர்த்தார். செங்கல் ஏற ஏறச் சந்தின் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

“தோழி வீட்டுக்குத்தானே? முன்வாசல் வழியா போயேன். யாரு வேணாங்குறா?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது வெறும் கதவு.

வேலை முடிந்த மறுநாள் லுஹர் தொழுதுவிட்டு, பழக்கதோஷத்தில் முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். எதிரே டைல்ஸ். சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் பேசிக்கொண்டு போவது கேட்டது. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவர் மறுபடி விமானம் ஏறிய பிறகும் என் மதியங்கள் அந்த நாலு சுவருக்குள்ளேயே கழிந்தன.

அறுப்பு முடிந்து பழைய கொத்தனார் வேலை கேட்டு வந்தார். கையில் ஒரு பை புது அரிசி.

“பேரைப் பதிஞ்சாங்களா?” என்று கேட்டேன்.

“இன்னும் இல்லம்மா. ஆனா விதைச்சது நான், அறுத்தது நான். ஊரே பாத்துச்சு. இனிமே எப்படி இல்லேம்பாங்க?”

தன் வேலை எப்படி நிற்கிறது என்று பார்க்க உள்ளே போனவர் வடக்குச் சுவர் முன்னால் நின்றுவிட்டார்.

“இங்க ஒரு கதவு இருந்துச்சே. யாரும்மா அடைச்சது?”

“அவங்கதான். லீவுல வந்திருந்தாங்க.”

“ஓ, அவங்க வீடா?”

“இல்லங்க, என் வீடு” என்றேன்.

வாய்விட்டு அதை நான் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. சுவர் காய்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.