என் வகுப்பறையில் ஒரு ஜேர்மன் வங்கி

வேற்று மொழி படிப்பிப்பவருக்கு வாய் வலிப்பதைவிட, மாணவர் கேட்கும் கேள்விகளால் மண்டை வலிப்பதுதான் அதிகம். வகுப்பு நடத்திப் பிழைப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சில காலம் ஜேர்மனியில் இருந்துவிட்டு வந்தவள் நான். அங்குள்ள கணவனிடம் போகக் காத்திருக்கும் பெண்களுக்கு வேலணையில், என் வீட்டு முன்னறையில், ஜேர்மன் படிப்பிக்கிறேன். ‘வங்கியில் கணக்குத் திறத்தல்’ பாடம் வந்தால் நானே வங்கி அதிகாரி, மாணவிகள் வாடிக்கையாளர்கள். எனக்குச் சனி பிடிப்பதும் அந்தப் பாடத்தில்தான்.

வாடகை

அனுசியா அனலைதீவிலிருந்து படகேறி வருபவள். என் எதிரே கதிரையில் உட்கார்ந்ததும், எந்தக் கணக்குக்கு வட்டி கூடுதல் என்று கேட்டாள். அங்கே அன்றாடத்துக்கு நடைமுறைக் கணக்குத்தான் வேண்டும், சம்பளம் அதில் வரும், வீட்டு வாடகையும் மின்சாரக் கட்டணமும் அதிலிருந்து போகும் என்றேன். வட்டி கிடையாது, சில வங்கிகள் மாதக் கட்டணமும் கழிக்கும் என்றதும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படித்த ஜேர்மன் எல்லாம் பறந்துவிட்டது.

“என்ரை காசை வைச்சிருக்கிறதுக்கு அவையெல்லோ ரீச்சர் எனக்கு வாடகை தரோணும்!”

விசாரணை

புளியங்கூடல் யோகினி முன்பள்ளி ஆசிரியை. கெட்டிக்காரி, பிடிவாதக்காரியும்கூட. அவளுடைய முறை வந்தபோது, என்னைப் பார்த்துச் சுத்தமான ஜேர்மனில் ஊர் எது, கலியாணம் முடித்தாயிற்றா, பிள்ளைகள் எத்தனை என்று அடுக்கிக்கொண்டே போனாள். வங்கி அதிகாரியிடம் இதையெல்லாம் கேட்கக்கூடாது என்று தடுத்தேன். அவள் விடவில்லை.

“என்னைக் குடுக்கேக்கை ரெண்டு ஊரிலை விசாரிச்சவை. காசைக் குடுக்கேக்கை விசாரிக்கக் கூடாதோ?”

இடையில் ஒரு கணவர்

யோகினியின் கணவர் ஜேர்மனியிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார். அவளுக்கு வங்கிப் பாடம் தேவையில்லை, தன்னுடைய கணக்கே இருவருக்கும் போதும் என்றார். அக்கறையோடுதான் சொன்னார். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யோகினியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளுடைய தங்கை பல்கலைக்கழகத்தில் படிப்பது இவள் சம்பளத்தில். அங்கே போயும் உழைத்து அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள்.  புத்தகத்தை விரித்தாள்.

“அவர் நல்லவர்தான். எண்டாலும் ஒவ்வொருக்காலும் கேட்டு வாங்க என்னாலை ஏலாது. நீங்கள் அந்தப் பாடத்தை முதலிலை இருந்து நடத்துங்கோ ரீச்சர்.”

இரண்டாவது வங்கி

யோகினி ஜேர்மனிக்குப் போனாள். சிறுவர் பள்ளியொன்றின் சமையலறையில் வேலையும் கிடைத்தது. சம்பளம் வரக் கணக்கு வேண்டுமே. கணவர் தன்னுடைய வங்கிக்கே கூட்டிப்போனார். மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டவள், பதிலைக் கேட்டதும் நன்றி சொல்லி எழுந்துவிட்டாளாம். அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

அடுத்த வங்கியில், மாதாமாதம் சம்பளம் வந்தால் கட்டணமே இல்லை என்றார்கள். காசு எடுக்கும் அட்டைக்குத் தனியாகக் கழிப்பீர்களா, ஊருக்கு அனுப்பினால் எவ்வளவு எடுப்பீர்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறாள். கணவரையும் சேர்த்துத் திறக்கவா என்று அதிகாரி கேட்டாராம். “இல்லை, எனக்கு மட்டும்” என்று ஜேர்மனிலேயே பதில் சொன்னதாக அவள் தொலைபேசியில் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்துக் கதிரையில் இருந்த கணவர், அவள் காதருகே குனிந்தாராம்.

“என்ரை வங்கி இவ்வளவு காலமும் கழிச்சுக்கொண்டெல்லோ இருக்குது. என்ரை கணக்கையும் இஞ்சை மாத்த ஏலுமோ எண்டு ஒருக்காக் கேளும்.”

நான் படிப்பித்தது மனைவிக்கு, இலாபம் அடைந்தது கணவனும் என்றால், வகுப்புக் கட்டணத்தை இனி யாரிடம் வாங்குவது என்பதுதான் என் கவலை.