ஒரே கண்ணுள்ள மூன்று சகோதரிகளைப் பார்க்கப் பாசல் போனோம்

போன மாதம் ஒரு ஞாயிறு, சுவிஸில் மூன்று ஊரில் இருக்கிற நாங்கள் மூன்று சகோதரிகளும் பாசல் போனோம். பொழுதுபோக்குக்கு இல்லை. அப்பாவின் முதலாம் ஆண்டுத் திவசம் வருகிறது, அதை ஒன்றாகச் செய்யவேண்டும் என்று எனக்கு ஆசை. சோலோதுர்னில் இருக்கிற அக்காவும் டாவோஸில் இருக்கிற தங்கச்சியும் செத்தவீட்டுக்குப் பிறகு கதைப்பதில்லை. பொது இடமென்றால் சண்டை பிடிக்கமாட்டார்கள் என்று நம்பினேன். எனக்கு இது வேணும்தான்.

அப்பா சாவகச்சேரி வீட்டில் தனியே இருந்தார். வெளிநாட்டிலிருக்கிற எல்லாரையும் போல நாங்களும் வீட்டில் கமரா பூட்டி, கைபேசியில் பார்க்க முறை வைத்தோம். காலை அக்கா, மத்தியானம் தங்கச்சி, இரவு நான். அக்காவின் முறை முடிந்து தங்கச்சியின் முறை தொடங்கும் நேரத்தில் அப்பா கிணற்றடியில் விழுந்தார். பொழுதுபடப் பக்கத்து வீட்டுக்காரர்தான் கண்டார்.

நான் இருக்கிற ஓல்டனிலிருந்து பாசலுக்கு ரயிலில் அரை மணித்தியாலம். டாவோஸிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுக்கும். அருங்காட்சியகத்தில், கிரேக்கப் புராணங்களில் அதிகம் பேசப்படாத பூதங்களைப் பற்றிய கண்காட்சி. ஒரு கால் வெண்கலமும் மறுகால் கழுதைக்காலுமான எம்பூசா. பிள்ளைகளைப் பறிகொடுத்து, பிறர் பிள்ளைகளைத் தின்னத் தொடங்கிய லாமியா. அதுவரை அக்கா சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.

அடுத்தது கிராயே. பிறக்கும்போதே நரைத்த மூன்று சகோதரிகள். மூவருக்கும் ஒரே கண், கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்பார்கள். ஒருத்தி கொடுக்க மற்றவள் வாங்கும் இடைவெளியில் ஒரு வீரன் கைநீட்டிப் பறித்துவிட்டான். இதை முன்கூட்டியே பார்க்காமல் கூட்டிக்கொண்டு போன என் புத்தியை என்ன சொல்ல?

"வாசிச்சீங்களோ, பெரியக்கா?" என்றாள் தங்கச்சி.

"'இனி உன்ரை முறை' எண்டு நான் உனக்கு மெசேஜ் போட்டனான்."

"நான் அதைப் பாத்தனானோ எண்டு கேட்டனீங்களோ?"

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ. அப்பாவைப் பாக்காமல் விட்டது நீங்கள் ரெண்டு பேரும்தான்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"அண்டைக்கு உன்ரை போன் எங்கையடி இருந்தது?"

"அண்டைக்கு என்ரை முறை இல்லை."

"இந்தக் கிழவியளுக்கு ஒரு கண்தான். எங்களிட்டை மூண்டு இருந்தது."

திரும்பும்போது மூவரும் மூன்று ரயிலில் போனோம்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். திங்கட்கிழமை பூட்டியிருக்கும். இரண்டு மணித்தியாலம் போதும். விளக்கங்கள் ஜெர்மனில்தான், சின்னப் பிள்ளைகளுக்கு லாமியாவைக் காட்டவேண்டாம். ஊர் வீட்டில் கமரா வைத்திருப்பவர்கள் முறை வைக்காதீர்கள். நினைவு வரும்போதெல்லாம் பாருங்கள்.

திவசத்துக்குச் சோலோதுர்னில் அக்கா படைக்கிறாளாம், டாவோஸில் தங்கச்சி. ஓல்டனில் நான் படைக்கிறேன்.