அந்த வியாழக்கிழமையின் மீன்

எங்கள் அலுவலகத்துப் பலகையில் டேட்டா கன்சல்டன்சி என்று எழுதியிருக்கும். நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடி. என் ஊரான சுசீந்திரத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். என்ன வேலை என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் கம்ப்யூட்டர் வேலை என்பேன். பிற கம்பெனிகளின் பட்டியல்களில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கும் வேலை என்று உள்ளதைச் சொன்னால் கல்யாண வீட்டில் யார் மதிப்பார்கள்?

குப்பை பொறுக்க நாங்கள் இரண்டு பேர். நானும், தேங்காய்ப்பட்டணத்துக்கு அடுத்த கடற்கரை ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஒரு பெண்ணும். என்னைவிடப் பத்து வயது இளையவள். கணவர் வளைகுடாவில். நான்கு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். என் டப்பாவில் அவள் கை போடுவாள், அவள் டப்பாவில் நான் கை போடுவேன். அவள் கொண்டுவரும் மீன்குழம்புக்காகவே செவ்வாயும் வெள்ளியும் என் வீட்டு விரதத்தை அலுவலகத்தில் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கிறேன்.

அப்புறம் செயற்கை நுண்ணறிவு வந்தது. முதலில் அது எங்களுக்கு வேலைதான் கொடுத்தது. படத்தில் இருப்பது லாரியா பஸ்ஸா என்று அதற்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கினோம். ஒரு வருடம் போனதும் அதற்கு லாரியும் தெரிந்தது, பஸ்ஸும் தெரிந்தது, எனக்குத் தெரியாத இங்கிலீஷும் தெரிந்தது. தப்பைச் சுட்டிக்காட்டினால் உடனே நன்றி சொல்லி மன்னிப்புக் கேட்கும். என் வீட்டுக்காரர் இருபது வருடத்தில் ஒரு தடவைகூடச் செய்யாத காரியம். அதனாலோ என்னவோ எனக்கு அதைப் பிடித்திருந்தது.

போன வருடம் மீன் ஏற்றிச் செல்லும் கம்பெனி ஒன்று எங்களிடம் வந்தது. எந்த மீன்பிடித் துறையில் எந்த நாள் எவ்வளவு மீன் இறங்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்ற ஐஸோடு லாரியை அனுப்பலாம். அதற்காக, சில வருடங்களாக ஒவ்வொரு துறையிலும் கரையேறிய மீனின் அளவை நாள்வாரியாகத் தந்தார்கள். பட்டியலை அந்தச் செயற்கை நுண்ணறிவு மாடல் சுத்தம் செய்யும், நாங்கள் சரிபார்க்க வேண்டும். அதற்கான விதிகளை நான்தான் எழுதிக் கொடுத்தேன். தனிமனிதர் பெயர் எங்கே வந்தாலும் மறைத்துவிட வேண்டும் என்பது முதல் விதி. சார் அதைப் பாராட்டியதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

சார் என்பவர் எங்கள் முதலாளி. இரணியல்காரர். ஒளித்துப் பேசத் தெரியாதவர். எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: “மெஷினே செய்யுதுல்லா, செக் பண்ண ஒரு ஆளு போதும். ஒரு மாசம் ரெண்டு பேரும் பாருங்க. யாரு கண்ணுல தப்பு படுகோ, அவங்க இருக்கட்டும். எனக்கும் வேற வழியில்ல.”

வெளியே வந்து இருவரும் டீ குடித்தோம். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. இந்த நாற்காலியை விட்டால் வேறு நாற்காலி கிடைக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மாடல் ஞாயிற்றுக்கிழமைகளை யாரும் சொல்லாமலேயே புரிந்துகொண்டிருந்தது. அன்று கடலுக்குப் போகமாட்டார்கள் என்று குறிப்பெழுதிக் காலியாகவே விட்டிருந்தது. அசந்துபோனேன். ஆனால் நடுவே ஒரு செவ்வாய், ஒரு வியாழன் என்று ஒற்றை நாட்கள் சில காலியாக இருந்தன. அங்கே, ‘பதிவு விடுபட்டிருக்கலாம். முன்பின் நாட்களின் சராசரி இடப்பட்டது’ என்று எழுதி நிரப்பியிருந்தது. யாரோ எழுத மறந்திருப்பார்கள் என்றுதான் எனக்கும் பட்டது. சரி என்று குறியிட்டுத் தள்ளிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவள் தன் நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தாள். அவள் ஊர்த்துறையின் பட்டியல் என் பங்கில் இருந்தது. சும்மா பார்த்திருக்கிறாள்.

“எக்கா, இந்த வியாழக்கிழமை நெறய மீன் எறங்கிருக்குன்னு போட்டிருக்கு.”

“ஆமா. விட்டுப்போனத அது நெரப்பியிருக்கு.”

“அன்னைக்கு ஒரு வள்ளமும் போவல எக்கா. எங்க அப்பாவ அடக்கின நாளாக்கும்.”

அவர்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால், அடக்கம் முடியும்வரை யாரும் கடலுக்குப் போகமாட்டார்களாம். அத்தனை வள்ளமும் கரையில் கிடக்கும். எங்கள் பக்கம் வயல்காட்டில் அப்படிக் கிடையாது. செத்த வீட்டார் இறங்கமாட்டார்கள், பக்கத்து வயலில் நடவு நடந்துகொண்டுதான் இருக்கும். அதனால் ஒரு ஊர் முழுக்க வேலையை நிறுத்தும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மாடலுக்கும் தோன்றவில்லை. ஊரே அவள் அப்பாவைச் சுமந்துபோன நாளில் மீன் வந்து குவிந்ததாக அது எழுதியது, நான் சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

அவள் கோபப்படவில்லை. மற்ற ஒற்றை நாட்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, இது இன்னார், இது கடலில் போன பையன், சாயங்காலம்தான் உடம்பு கிடைத்தது என்று சொல்லிக்கொண்டே போனாள். கடைசியில், “நீங்களே சார்ட்ட சொல்லுங்க எக்கா. உங்க பங்குல உள்ளதுல்லா” என்றாள்.

சொன்னேன். சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இது பெரிய தப்புல்லா! எப்படிப் பிடிச்சிய?”

“செக் பண்ணும்போது பட்டுது சார்,” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். யார் கண்ணில் பட்டது என்று அவர் கேட்கவில்லை, கேட்கட்டும் என்று நானும் காத்திருக்கவில்லை. மாதக் கடைசியில் நான் இருந்தேன், அவள் போனாள். போகிற அன்று மீன்குழம்பு கொண்டுவந்திருந்தாள். நான் கை போடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதன்பின் புதிய பட்டியல் வாராவாரம் வரத் தொடங்கியது, விதியையும் மாற்றினோம். ஒற்றை நாள் காலியாக இருந்தால் மாடல் நிரப்பாது, ‘உள்ளூரில் விசாரிக்கவும்’ என்று எனக்கு அனுப்பும். எனக்கு அந்தக் கடற்கரையில் யாரைத் தெரியும்? அவளைத்தான் தெரியும். அவள் இப்போது தன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆன்லைன் விண்ணப்பங்கள் போட்டுக் கொடுக்கிறாள். கூப்பிடுவேன். யார் இறந்தது, எப்போது அடக்கம் என்று சொல்வாள். பக்கத்து ஊர்களுக்கும் போன் போட்டுக் கேட்டுச் சொல்வாள். காரணம் என்ற கட்டத்தில் நான் ‘ஊரில் துக்கம்’ என்று எழுதுவேன். யார் சொன்னது என்ற கட்டத்தில் ‘உள்ளூர் விசாரணை’ என்று எழுதுவேன். கம்பெனிக்காரர்கள் என் விசாரணையைப் புகழ்ந்து மெயில் அனுப்பினார்கள். சார் அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். அந்தச் சுவரைப் பார்த்தபடிதான் நான் தினமும் சாப்பிட வேண்டியிருக்கிறது.

போன வாரம் அவள் ஊரிலேயே ஒரு புதன்கிழமை காலியாக வந்தது. கூப்பிட்டேன். அவளுடைய சித்தப்பா. நான் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு வைக்கப் போனேன்.

“எக்கா,” என்றாள். “ஒண்ணு கேக்கட்டா? தப்பா எடுக்கப்பிடாது.”

“கேளு மக்கா.”

“யாரு சொன்னதுன்னு ஒரு கட்டம் உண்டும்லா? இந்த வாட்டியாவது எம்பேரப் போடுவியளா?”

இந்த வாட்டியாவது என்றாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அந்த அறையில் நான் என்ன சொன்னேன், எதைச் சொல்லாமல் விட்டேன் என்பது முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு சாவையும் எனக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறாள். போடுகிறேன் என்றேன்.

போட்டேன். அவள் பெயரை முழுதாக, அப்பா பெயரின் முதலெழுத்தோடு தட்டச்சு செய்து சேமித்தேன். பக்கம் மறுபடி திறந்தபோது அந்தக் கட்டத்தில் ஐந்து நட்சத்திரக் குறிகள் இருந்தன. தனிமனிதர் பெயர் எங்கே வந்தாலும் மறைத்துவிட வேண்டும் என்று நான் எழுதிய முதல் விதியை மாடல் மறக்கவில்லை. மறுபடி அடித்தேன். மறுபடியும் ஐந்து குறிகள். அந்த விதியைத் தளர்த்த வேண்டுமானால் சாரிடம் போய் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் அந்த வியாழக்கிழமையிலிருந்து சொல்ல வேண்டும்.

சாரின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அப்போது போனில் அவளுடைய செய்தி வந்தது.

“எக்கா, போட்டியளா?”

போட்டேன் மக்கா என்று பதில் அனுப்பிவிட்டு அடுத்த துறையின் பட்டியலைத் திறந்தேன்.